நாற்பது ஹெக்டேருக்குக் கீழே உள்ள கண்மாய்கள்: அதிகாரம் ஊரில் இருக்கட்டுமா, கோட்டைக்குப் போகட்டுமா?

கண்மாய்க்கரை எழுதியது:

சூழலியல் நண்பர்கள் பலர் இப்போது ஒரே கோரிக்கையை வைக்கிறார்கள். ஊராட்சிகளின் கையில் இருக்கும் சின்னக் கண்மாய், ஊருணி, தாங்கல் எல்லாவற்றையும் அவர்களிடமிருந்து எடுத்து, மாநில ஈரநில ஆணையத்திடமோ நீர்வளத்துறையிடமோ ஒப்படைத்துவிட வேண்டுமாம். உள்ளூர்க்காரன் விற்றுவிடுவான், மேலே இருப்பவன் காப்பாற்றுவான் என்கிற நம்பிக்கைதான் இதற்குப் பின்னால் இருக்கிறது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

முதலில் இன்றைய நிலவரம். நாற்பது ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (தண்ணீர் பாயும் வயல்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத்துறையிடம், அதாவது பழைய பொதுப்பணித்துறையிடம். அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். தமிழ்நாட்டில் ஏரிகளும் கண்மாய்களும் நாற்பதாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அதில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகைதான். 2007-ல் வந்த ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித்துறை ஏரிகளுக்கு மட்டும்தான். மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. எனவே எங்கள் பக்கத்துச் சின்னக் கண்மாய்க்கு அந்தச் சட்டமும் இல்லை, இந்த விதியும் இல்லை.

சரி, அப்படியானால் மேலே கொடுப்பதுதானே நல்லது என்பீர்கள். 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைப் பாருங்கள், சிறப்புத் திட்டங்களுக்கானது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டமாக இருந்து, அந்த நிலத்துக்குள் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ வந்தால், அதையும் சேர்த்து ஒருங்கிணைக்க அரசுக்கு வழி செய்கிற சட்டம் அது. காப்பாற்றுவார்கள் என்று நாம் நம்பச் சொல்லப்படுகிற அதே மேல்மட்டம், தன் தேவைக்கு நீர்நிலையை எடுத்துக்கொள்ளத் தனிக் கதவு வைத்திருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சதுப்புக்காடு எழுதியது:

அடிக்கத்தான் வந்திருக்கிறேன், அண்ணா.

ஊராட்சி என்றதும் எல்லோருக்கும் பழைய குடிமராமத்துக் கனவு வந்துவிடுகிறது. நடப்பு வேறு. மனை போடுகிற ஆட்கள் முதலில் போய்ப் பார்ப்பது யாரை? ஊராட்சித் தலைவரைத்தான். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மூடித் தார் போட்டுவிட்டு, பெயர்ப்பலகையில் ‘இணைப்புச் சாலை’ என்று எழுதுவது யார் நிதியில்? கண்மாய்க்குள்ளேயே சமுதாயக்கூடம், நூலகம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி. புறம்போக்கில் காலி இடம் என்றால் ஊராட்சிக்குக் கண்ணில் படுவது நீர் வற்றிய கண்மாய் மட்டும்தான்.

2011-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் சொன்ன தீர்ப்பை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம். பாட்டியாலா மாவட்டத்து ரோஹர் ஜாகிர் என்ற ஊர். ஊர்க்குளத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி வீடு கட்டினார்கள், ஊராட்சியில் இருந்தவர்களே அதற்கு உடந்தை. அந்த வழக்கில்தான் நாடு முழுக்க ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் போடச் சொல்லி மாநிலங்களுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

இன்னொன்று, தண்ணீருக்கு ஊராட்சி எல்லை தெரியாது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்கள் சங்கிலியாகத்தான் இருக்கின்றன. மேல்கண்மாயின் கலுங்கு, அதாவது மிகைநீர் வெளியேறும் வழி, வழிந்தால்தான் கீழ்கண்மாய் நிறையும். மேலூர் ஊராட்சி தன் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழூருக்கு வறட்சி, உடைத்துவிட்டால் வெள்ளம். இந்தச் சண்டையை அந்த இரண்டு ஊராட்சிகளே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட முடியுமா? மேலே ஒருவர் வேண்டும்.

மணியக்காரர் பேரன் எழுதியது:

ஜக்பால் சிங் தீர்ப்பைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள் தம்பி. அந்த வழக்கு எப்படி மேலே போனது என்றும் பாருங்கள். ஊராட்சி கெட்டது உண்மை. அதற்கு மேலே இருந்த கலெக்டர் என்ன செய்தார்? கட்டியவர்களை அப்புறப்படுத்துவது பொதுநலன் அல்ல, நிலத்துக்கு விலை வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினார். அதை ரத்து செய்தவர் அவருக்கு மேலே இருந்த கமிஷனர். ஊராட்சி, கலெக்டர் என்று இரண்டு படியும் சறுக்கி, மூன்றாவது படியில் பிடித்தார்கள். மேலே போனால் சரியாகும் என்பதற்கு இதைச் சாட்சியாக வைக்கிறீர்கள். எனக்கு இதில் தெரிவது ஒன்றுக்கு மேற்பட்ட படிகள் இருந்தன என்பதுதான்.

அப்புறம், ஊராட்சியிடம் அதிகாரம் இருக்கிறது என்று இரண்டு பேருமே பேசுகிறீர்கள். எங்கே இருக்கிறது? நீர்நிலைப் புறம்போக்கு வருவாய்த்துறையின் ‘அ’ பதிவேட்டில் அரசு நிலம். ஆக்கிரமிப்பை எடுக்க வேண்டுமானால் 1905-ம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது வருவாய்த்துறை. அளந்து கல் நடுவது நில அளவைத்துறை. மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பது நகர ஊரமைப்புத்துறை. வண்டல் மண் எடுக்க முன்பு கலெக்டர் வரை போக வேண்டும், இப்போதுதான் தாசில்தார் மட்டத்துக்கு இறக்கியிருக்கிறார்கள். ஊராட்சிக்கு என்ன மிச்சம்? கரை உடைந்தால் திட்டு வாங்குவது, நூறுநாள் வேலை ஆட்களைக் கூட்டி வந்து கருவேலம் வெட்டுவது.

அதனால் ‘கடமையை மேலே மாற்றுவது’ என்ற பேச்சே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அதிகாரம் எப்போதோ மேலே போய்விட்டது. கடமைதான் கீழே கிடக்கிறது. கண்ணால் பார்க்கிறவனுக்குக் கையில்லை. கை இருக்கிறவன் தாலுகா ஆபீசில் நாலு வேலைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான்.

சதுப்புக்காடு எழுதியது:

ஐயா, உங்கள் வாதம் என் பக்கம்தான் சாய்கிறது. அதிகாரம் மேலே, கடமை கீழே என்று பிரிந்து கிடப்பது தவறு என்றால், கடமையையும் மேலே அனுப்பி ஒரே இடத்தில் வைத்துவிடலாமே. பொறுப்பு யாருடையது என்றாவது தெளிவாகும்.

மணியக்காரர் பேரன் எழுதியது:

தெளிவாகும். யாரும் கண்மாய்ப் பக்கம் வர மாட்டார்கள் என்பதும் தெளிவாகும்.

குட்டநாட்டு மருமகள் எழுதியது:

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து ஆலப்புழைக்கு வாழ்க்கைப்பட்டவள். நீங்கள் ‘நடந்தால் என்ன ஆகும்’ என்று பேசுவது கேரளத்தில் நடந்தே முடிந்துவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2008-ல் கேரளத்தில் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன் உயிர் எங்கே என்றால் ஊர்மட்டக் கண்காணிப்புக் குழுவில். ஊராட்சித் தலைவர்தான் தலைவர், வேளாண் அலுவலர் கூட்டுநர், கிராம அலுவலர் உறுப்பினர், கூடவே மூன்று விவசாயிகள். எந்த நிலம் வயல், எது ஈரநிலம், எது ஏற்கெனவே மூடப்பட்டது என்று சர்வே எண் வாரியாகத் ‘தரவு வங்கி’ தயாரிப்பது இந்தக் குழுவின் வேலை. சொந்தமாக வேறு நிலம் இல்லாதவர் வீடு கட்ட வேண்டும் என்றால் ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட் வரை அனுமதிக்கலாம். அதற்கும் இந்தக் குழு பரிந்துரைத்து, மாவட்ட மட்டக் குழு பார்த்துத்தான் முடிவு செய்யும். வாசித்தால் எவ்வளவு அழகான ஏற்பாடு!

நடந்தது என்ன? தரவு வங்கி பல ஊராட்சிகளில் வருடக்கணக்காக வரவே இல்லை. வந்தவற்றில் தப்பு. தென்னை நின்ற தோட்டம் வயல் என்று பதிவானது, தண்ணீர் நின்ற வயல் விடுபட்டுப் போனது. பல இடங்களில் பக்கத்து வீட்டுப் பகையும் கட்சியும் பட்டியலுக்குள் புகுந்தன. சதுப்புக்காடு சொல்கிற குற்றச்சாட்டுகள் இதுவரை அத்தனையும் சரி.

ஆனால் அடுத்து நடந்ததையும் கேளுங்கள். 2018-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். தரவு வங்கியில் ஏறாத நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதை ஆர்.டி.ஓ.வின், அதாவது வருவாய்க் கோட்டாட்சியரின், அதிகாரமாக்கி, அதற்குக் கட்டணமும் வைத்தார்கள். பொதுத் தேவைத் திட்டங்களுக்கு விலக்கு கொடுக்கிற விஷயத்தில் அரசின் கை இன்னும் நீண்டது. அதாவது ஊர்க்குழுவிலிருந்து முக்கியமான முடிவுகள் மேலே போயின. விளைவு, ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் மனுக்கள் மலையாகக் குவிந்தன. ஒரு கோட்டத்துக்கு ஒரு அதிகாரி, அவர் ஒவ்வொரு வயலுக்கும் போக முடியுமா? கடைசியில் துணை கலெக்டர்களுக்கும் அந்த அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்க இன்னொரு திருத்தம் தேவைப்பட்டது. ஊர்க்குழு செய்த தாமதத்துக்குப் பதிலாக ஆர்.டி.ஓ. தாமதம் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லக்கூடத் தோன்றுகிறது. ஆனால் அப்படிச் சொன்னால் முழு உண்மையாகாது. வித்தியாசம் இன்னும் பெரியது. ஊர்க்குழுவின் முன்னால் வரும் கேள்வி ‘இந்த வயலை மூடலாமா’ என்பது. ஆர்.டி.ஓ. முன்னால் வரும் கேள்வி ‘இந்த மனுவை எப்போது முடிப்பது’ என்பது. மனுவை முடிப்பதற்கு மிகச் சுலபமான வழி அனுமதி கொடுத்துவிடுவது. கட்டணமும் கஜானாவுக்கு வந்துவிடும்.

நன்மையும் ஒன்று நடந்தது, அதை மறைக்கக் கூடாது. பட்டியலில் தப்பு என்று தகராறு வந்தால், மாநிலத் தொலையுணர்வு மையத்தின் பழைய செயற்கைக்கோள் படத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். சட்டம் வந்த 2008-ல் அந்த இடத்தில் நீர் நின்றதா, மண் நின்றதா என்று படம் சொல்லிவிடும். இதை எந்த ஊராட்சியாலும் தனியாகச் செய்திருக்க முடியாது. எனவே மேல்மட்டத்திடம் நான் கேட்பது படம், வரைபடம், ஆள், பணம். முடிவை அல்ல.

கடல்தாண்டியவன் எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் வேலை செய்வது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். இங்கே ஊருக்கு ஊர் ‘பாதுகாப்பு ஆணையம்’ என்று ஒன்று உண்டு. அதற்கு வழிவிட்ட சட்டம் 1957-ல் வந்தது. மூன்றிலிருந்து ஏழு பேர், உள்ளூர்க்காரர்கள், பெரும்பாலும் சம்பளம் இல்லாத தன்னார்வலர்கள். ஈரநிலத்திலோ அதன் ஓரத்திலிருந்து நூறு அடிக்குள்ளோ யார் எதைத் தோண்டினாலும் கட்டினாலும் முதலில் இவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும், பொது விசாரணை நடக்கும். முடிவு பிடிக்கவில்லை என்றால் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு மேல்முறையீடு. அந்தத் துறை ஊரின் உத்தரவை மாற்றித் தன் உத்தரவைப் போடலாம்.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் வேறு. ஊர் தன் சொந்தத் துணைவிதி ஒன்றை, மாநிலச் சட்டத்தைவிடக் கடுமையாக, போட்டுக்கொள்ளலாம். அந்தத் துணைவிதிப்படி ஊர் மறுத்துவிட்டால், மாநிலத் துறை அதைத் தள்ளிவிட முடியாது. நீதிமன்றம்தான் போக வேண்டும். மாநிலச் சட்டத்துக்குக் கீழே இறங்க ஊரால் முடியாது, அதற்கு மேலே ஏறலாம்.

நம் ஊரில் அதிகாரத்தைக் கொடுத்தால் முழுசாகக் கொடுக்கிறோம், பிடுங்கினால் முழுசாகப் பிடுங்குகிறோம்.

இதே நாட்டில் புளோரிடாவின் கதையும் உண்டு. ஈரநிலத்தை நிரப்ப அனுமதி கொடுக்கிற மத்திய அதிகாரத்தை அந்த மாநிலம் 2020 டிசம்பரில் தன் கைக்கு வாங்கிக்கொண்டது. அழிநிலை உயிரினச் சட்டத்தைக் கையாண்ட முறை சரியில்லை என்று 2024 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம் அந்த மாற்றத்தையே ரத்து செய்தது. மேலிருந்து கீழே இறக்குவதும் தானாக நல்லதாகிவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மதகுப் பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

நீர்வளத்துறைக்குக் கொடுங்கள் என்று எழுதுகிற நண்பர்கள் ஒரு பிரிவு அலுவலகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும். ஓர் உதவிப் பொறியாளரின் கையில் எத்தனை கண்மாய்! மதகையும் கரையையும் பார்த்துக்கொள்கிற லஸ்கர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலி. இருக்கிற பெரிய ஏரிகளுக்கே ஆள் போதவில்லை, இதில் ஒன்றியக் கண்மாய்களையும் சேர்த்தால் கோப்பில் மட்டும்தான் காப்பாற்ற முடியும்.

ஆனால் சங்கிலிக் கண்மாய் பற்றிச் சதுப்புக்காடு சொன்னது பொறியியல் ரீதியாக நூற்றுக்கு நூறு சரி. கலுங்கு மட்டத்தை எந்த ஊரும் தன் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. ஒரு தொடரில் இருக்கும் அத்தனை கண்மாய்க்கும் முழுநீர் மட்டத்தைக் கணக்கிட்டு, கல்லில் பொறித்து, அதை யாரும் தொடக் கூடாது என்று வைப்பது வடிநில அளவில் செய்ய வேண்டிய வேலை. அதைத் துறை செய்யட்டும். அந்த மட்டத்துக்கு உள்ளே கொட்டகை போடலாமா, மீன்பாசி ஏலம் யாருக்கு, மடையை எப்போது திறப்பது, இதற்கெல்லாம் சென்னையிலிருந்து கடிதம் வரக் காத்திருப்பது அபத்தம்.

மெட்ராஸ்வாசி எழுதியது:

ஊராட்சி கெட்டது, மேல்மட்டம் நல்லது என்கிறவர்களைப் பள்ளிக்கரணைக்கு அழைக்கிறேன். ஐயாயிரம் ஹெக்டேரைத் தாண்டி இருந்த சதுப்பு அது. அதற்குள் குப்பையைக் கொட்டியது மாநகராட்சி. பறக்கும் ரயில் பாதை, தகவல் தொழில்நுட்பச் சாலை எல்லாம் போட்டது மாநிலமும் ரயில்வேயும். கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆய்வு நிறுவனம் என்று மத்திய அரசின் வளாகங்களும் அங்கே. மூன்று அடுக்கு அரசும் ஒற்றுமையாகச் செய்த ஒரே வேலை.

மிச்சத்தில் ஒரு பகுதியை 2007-ல் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022-ல் 1,247 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் ஏறியது. சரி, இனிமேலாவது நிம்மதி என்று நினைத்தோம். பக்கத்திலேயே அடுக்குமாடித் திட்டங்களுக்கு மாநில அமைப்புகளே அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தன. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டு, சதுப்பின் செல்வாக்கு மண்டலத்தை, அதாவது அதன் நலனைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதியை, அறிவியல்படி வரையறுக்கும் வரை ராம்சர் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி கூடாது என்று சொன்ன பிறகுதான் பிரேக் விழுந்தது.

தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் தலங்கள், நாட்டிலேயே அதிகம். சந்தோஷம். ஆனால் பலகை நட்ட பிறகும் தீர்ப்பாயம் வரை ஓட வேண்டியிருக்கிறது என்றால் மேல்மட்டத்தின் காவல் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். வள்ளுவர் கோட்டம் எழுந்ததே நுங்கம்பாக்கம் ஏரியில்தானே. நீண்ட ஏரி இருந்த இடத்தில்தான் இன்றைக்குத் தி.நகரில் துணி வாங்குகிறோம். இவை எதையும் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் செய்யவில்லை.

நீர்க்காகம் எழுதியது:

பறவை பார்க்கிறவன் என்ற முறையில் சில வரி.

வேடந்தாங்கல் அரசாங்கச் சரணாலயமானது 1936-ல். அதற்கு வெகு முன்பே, 1798-ல், அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸிடம் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக் கூடாது என்று கவுல், அதாவது எழுத்தில் உறுதி, வாங்கியிருக்கிறார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தார்கள். காவலின் வேர் ஊரில். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே வேடந்தாங்கலில் 2020-ல், சரணாலயத்தின் ஐந்து கிலோமீட்டர் சுற்றளவைச் சுருக்கலாம் என்ற யோசனை எங்கிருந்து வந்தது? அரசின் பக்கமிருந்து.

ஆனால் சிலிகாவையும் சொல்ல வேண்டும். 1990களில் அந்த ஏரி மண் தூர்ந்து, உப்புத்தன்மை குறைந்து, ஆபத்திலுள்ள ஈரநிலங்களின் மாண்ட்ரூ பதிவேட்டில் ஏறியது. ஒடிசா அரசு தனி ஆணையம் அமைத்து, 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டியது. மீன் திரும்பியது, 2002-ல் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கியது. எந்த ஊராட்சியாலும் இதைச் செய்ய முடியாது. அதே மாதிரி மாநில ஆணையம்தான் மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் 2011-ல் மிதக்கும் குடிசைகளில் வாழ்ந்த மீனவர்களை அப்புறப்படுத்தியது, குடிசைகள் எரிந்தன. முகத்துவாரம் வெட்டும் பலமும் குடிசையை எரிக்கும் பலமும் ஒரே வகை அமைப்பிடம்தான் இருக்கின்றன.

சதுப்புக்காடு எழுதியது:

மேல்மட்டம் என்று நான் சொல்வது ஆளுங்கட்சியை அல்ல, சட்டத்தை. 2010 விதிகளில் மத்திய ஈரநில ஒழுங்காற்று ஆணையம் என்று ஒன்று இருந்தது. 2017-ல் அதைக் கலைத்துவிட்டு, மாநில ஆணையங்களிடம் பொறுப்பைத் தள்ளினார்கள். மத்தியில் ஆலோசனை சொல்ல ஒரு குழு மட்டும். பழைய விதியில் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்ததும் புதியதில் காணாமல் போனது. அன்றைக்கே மத்தியில் இருந்திருந்தால் இந்தப் பாடு இருக்காது.

கண்மாய்க்கரை எழுதியது:

அந்த 2010 விதிகள் யாருக்குப் பொருந்தின என்றும் பார், தம்பி. ராம்சர் தலங்கள், பாரம்பரியச் சின்னங்கள், உயர்மலை ஈரநிலங்கள் போன்ற வகைகளை விட்டுவிட்டால், சமவெளியில் 500 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால்தான் கணக்கு. ஒன்றியக் கண்மாய் எத்தனை 500 ஹெக்டேர் இருக்கும்? டில்லியில் இருந்தபோதும் நமக்கு அது இல்லை.

குட்டநாட்டு அக்காவும் கடல்தாண்டியவரும் சொன்னதை வைத்து என் யோசனையைக் கொஞ்சம் கூர்மையாக்குகிறேன். கீழேயா மேலேயா என்று கேட்பதை விட்டுவிடுவோம். நீர்நிலையை வேறு பயனுக்கு மாற்ற ‘சரி’ சொல்ல எல்லாப் படியும் சம்மதிக்க வேண்டும். ‘வேண்டாம்’ சொல்ல ஏதாவது ஒரு படி போதும். கிராம சபை மறுத்தால் கலெக்டர் கொடுக்க முடியாது. ஊராட்சி தீர்மானம் போட்டுக் கொடுத்தாலும் மாவட்ட ஈரநிலக் குழு மறுத்தால் நடக்காது. மூடப்பட்ட கண்மாயைத் திரும்பத் தோண்ட முடியாது, மறுக்கப்பட்ட அனுமதியை அடுத்த ஆண்டு மறுபடியும் கேட்கலாம். இரண்டு தப்பும் சமமில்லை, அதனால் சட்டமும் இரண்டையும் சமமாக நடத்தத் தேவையில்லை.

இப்போது இருப்பது நேர் எதிர். பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. அந்த நிலப்பரப்பில் ஏரிகளும் குளங்களும் இருக்கின்றன. ஒரு தீர்மானத்துக்காவது சட்டத்தில் எடை உண்டா? 73-வது திருத்தத்தின் 11-வது அட்டவணையில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் ஊராட்சிக்குரிய பொருள்கள் என்று எழுதி வைத்திருக்கிறோம், 1993-லிருந்து.

மதகுப் பொறியாளர் (ஓய்வு) எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு சிக்கல். கூட்டுக் குடிநீர்க் குழாய் ஒன்று பன்னிரண்டு ஊராட்சிகளின் வாய்க்கால்களைத் தாண்டிப் போக வேண்டும். பதினொரு ஊர் சம்மதிக்கிறது, ஒரு ஊர் தலைவர் காண்ட்ராக்ட் கிடைக்காத கோபத்தில் மறுக்கிறார். அப்போது? ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு விலை வைக்கிறவர்கள் உண்டு. ‘சரி’ சொல்ல மட்டும்தான் லஞ்சம் வாங்குவார்கள் என்று நினைக்காதீர்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

அடியில் குழாய் பதித்துப் பழையபடி மூடுவது நீர்நிலையை மாற்றுவதாகாது சார். நீர்ப்பரப்போ கொள்ளளவோ வரத்தோ நிரந்தரமாகக் குறைகிற வேலைக்கு மட்டும் இந்த இரட்டைப் பூட்டு. அதிலும் மறுப்பைத் தலைவர் தனியாகச் சொல்லக் கூடாது. கிராம சபையில், காரணத்தோடு, எழுத்தில். அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம், அதிகாரியிடம் போகக் கூடாது.

சதுப்புக்காடு எழுதியது:

கிராம சபையே கூடி ‘மூடிவிடலாம்’ என்று சொன்னால், மேலே மறுக்க ஆள் உண்டு. அந்தப் பாதி எனக்குச் சம்மதம். அதற்கு மாவட்டக் குழுவின் கூட்டக் குறிப்பு பொதுவெளியில் வர வேண்டும், இல்லையென்றால் அதுவும் கலெக்டர் அறையில் முடிகிற காகிதம்தான். பரந்தூர் மாதிரி பெரிய திட்டத்தில் ஒரு கிராம சபைக்குத் தடுக்கும் உரிமை என்பதில் எனக்கு இன்னும் தயக்கம். கீழே இருக்கிற நகரத்தின் வெள்ளத்தைத் தடுக்க ஒரு கண்மாயை ஆழப்படுத்தி வடிகால் வெட்ட வேண்டும், அந்த ஊர் மறுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டநாட்டு மருமகள் எழுதியது:

ஆழப்படுத்தினால் கொள்ளளவு கூடும், கண்மாய்க்கரை சொன்ன கணக்கில் அது வராது. ஆனால் வடிகால் வழியாகத் தண்ணீரை வேறு பக்கம் கொண்டுபோனால் அந்த ஊருக்கு நஷ்டம்தானே, ஏன் மறுக்கக் கூடாது? நகரம் தன் ஏரிகளை மூடிவிட்டு ஊர்க் கண்மாயைக் கேட்கிறது. கேட்கிறவர்கள் பேச்சுவார்த்தைக்கு வரட்டும். மறுக்கும் உரிமை இருந்தால்தான் பேச்சுவார்த்தைக்கே வருவார்கள். இங்கே கேரளத்தில் கீழாற்றூர் வயல்வழியே புறவழிச்சாலை போட்டபோது ‘வயல்கிளிகள்’ என்ற பெயரில் ஊர்க்காரர்கள் எவ்வளவு போராடினார்கள், சாலை வந்தது. அவர்கள் கையில் முழக்கம் இருந்தது, சட்டத்தில் ஒரு வரி இல்லை.

வைகைத்தண்ணீர் எழுதியது:

பெரியவர்கள் பேசுவதற்கு நடுவில் ஒரு நடைமுறைக் கேள்வி. எங்கள் ஊரில் ஒரு தாங்கலை மண் அடித்து மேடாக்குகிறார்கள். நீங்கள் சொல்கிற சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாது. இப்போது இருக்கிற ஏற்பாட்டில் எதைப் பிடிப்பது?

மணியக்காரர் பேரன் எழுதியது:

முதலில் ‘அ’ பதிவேட்டு நகலும் புல வரைபடமும் வாங்குங்கள். ஊருணி, தாங்கல், ஓடை, வாய்க்கால் என்று என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு எல்.கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2005-ல் சொன்ன தீர்ப்பு உண்டு, மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

பரப்பு எவ்வளவு? 2.25 ஹெக்டேரைத் தாண்டினால் இன்னொரு வழியும் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தை வைத்து எடுத்த தேசியப் பட்டியலில் 2,01,503 ஈரநிலங்கள் இருந்தன. அவற்றை 2010 ஈரநில விதிகளின் 4-வது விதிக் கொள்கைப்படி (ஈரநிலத்தில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்வது அது) காக்கச் சொல்லி 2017-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய கணக்கில் அது 2,31,195 ஆனது. களத்தில் போய்ச் சரிபார்த்து எல்லை வரையச் சொல்லி 2024 டிசம்பரிலும் உத்தரவு வந்தது. உங்கள் தாங்கல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, களச் சரிபார்ப்பு முடிந்ததா, எல்லைப் படம் எங்கே என்று தகவல் உரிமையில் கலெக்டர் அலுவலகத்தையும் மாநில ஈரநில ஆணையத்தையும் கேளுங்கள். பாசனத்துக்குக் கட்டியது, விதி பொருந்தாது என்று பதில் வந்தால் அதையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். நீதிமன்றம் போனால் உதவும்.

வைகைத்தண்ணீர் எழுதியது:

நன்றி ஐயா. தாங்கல் சின்னது, மூன்று ஏக்கர்கூட வராது. அப்படியானால் அந்தப் பட்டியலில் இருக்காது, சரியா?

மணியக்காரர் பேரன் எழுதியது:

இருக்காது. 2.25 ஹெக்டேர் என்பது ஐந்தரை ஏக்கருக்கு மேல். அப்போது உங்களுக்கு வருவாய்ப் பதிவேடும் கிராம சபையும்தான். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடும். தீர்மானத்தில் சர்வே எண், பரப்பு, எந்த வரத்துக்கால், எந்தப் பக்கம் மண் அடித்திருக்கிறார்கள் என்று எல்லாம் இருக்கட்டும். ‘நீர்நிலைகளைக் காக்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் தாசில்தார் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பொத்தாம்பொதுவாகவே பதில் எழுதுவார். தேதி போட்ட படம் எடுத்து வையுங்கள். கையெழுத்துப் போடத் தலைவர் மறுத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அதற்கு வேறு வழி பார்ப்போம்.